ஸ்டெம் செல் ஆய்வுக்குக் காசு அனுப்பும் முன்: திருகோணமலையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

முதலாம் வகை நீரிழிவுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், ஸ்டெம் செல் (வேறு வகைக் கலமாக வளர்த்தெடுக்கக்கூடிய மூலக் கலம்) பற்றிய செய்தி உங்கள் வட்ஸ்அப்புக்கு வந்தே தீரும். "இனி ஊசியே தேவையில்லையாம்" என்று லண்டன் சித்தப்பா அனுப்புவார். அடுத்த கிழமை கிளினிக் வாசலில் யாராவது ஒருவர், "நாங்களும் அந்த ஆய்வுக்கு ஏதாவது குடுப்பம்" என்பார். அதற்குப் பிறகு எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருகோணமலையில் ஒன்பது குடும்பங்கள் சேர்ந்த ஒரு சின்னப் பெற்றோர் குழுவுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். என் அக்காவின் மகளுக்கு ஏழு வயதில் இந்த வருத்தம் வந்தது. முதல் தடவை நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தோம். காசைச் சேர்த்துவிட்டுத்தான் எங்கே அனுப்புவது என்று தேடத் தொடங்கினோம். நான்கு மாதம் காசு வங்கியில் கிடந்தது. அதற்குள் கடைத்தெருவில் கதை கிளம்பிவிட்டது. அதனால்தான் காசு சேர்ப்பது இங்கே ஏழாவது படியாக வருகிறது. அவசரப்படுபவர்கள் நேரே ஏழுக்குப் போக வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சிஆர் கொப்பி, ஒரு பைல், இணையம் உள்ள ஒரு போன். இவை எல்லாரிடமும் இருக்கும். ஆட்களைத்தான் தேட வேண்டும்.

ஆங்கிலம் எழுதக்கூடிய ஒருவர் வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்து வரி கட்டும் உறவினர் ஒருவர் வேண்டும்; ஏன் என்பது எட்டாவது படியில் விளங்கும். பிள்ளையைப் பார்க்கும் வைத்தியரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: "இந்தச் செய்தியில் சொல்வது இப்போது எங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா?" பொருந்தாது என்றால் ஏன் என்று கேட்டு, அவர் சொல்லும் காரணத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஆய்வுக்குக் காசு போக வேண்டும் என்பதை மூன்றாவது படியில் அந்தக் காரணம்தான் காட்டும்.

கடைசியாக, எதையும் லேசில் நம்பாத ஒருவர். எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். எந்தத் தாளைக் காட்டினாலும் "இதை ஆர் எழுதினது?" என்றுதான் ஆரம்பிப்பார். எரிச்சலாக இருக்கும். ஆனால் எங்கள் குழு ஒரு பெரிய ஏமாற்றிலிருந்து தப்பியது அவரால்தான்.

2. பிள்ளையின் செலவைத் தனியே பிரித்து வையுங்கள்

அரசாங்க ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம். சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்புக்குத்தான் பெரும்பாலும் கையிலிருந்து கொடுக்க வேண்டி வருகிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் நான்கு தடவை பார்த்தால் மாதம் 120 ஸ்ட்ரிப். முதலில் இந்தக் கணக்கைக் கொப்பியின் இடப்பக்கத்தில் எழுதுங்கள். ஆய்வுக்கு என்று ஒதுக்கக்கூடியதை வலப்பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒரே பெட்டிக்குள் போகக் கூடாது.

ஆய்வுக்குப் போகும் காசு திரும்பி வராது. பலன் தெரியப் பல வருடம் ஆகும். ஸ்ட்ரிப்புக்கான காசு இந்த மாதமே வேண்டும். இரண்டையும் கலந்து வைத்தால், ஒரு பிள்ளைக்கு அவசரம் வரும் நாளில் ஆய்வுக் காசில் கை வைப்பீர்கள். அதைப் பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கொடுத்தவரிடம் சொன்னது ஒன்று, செய்தது இன்னொன்று என்றாகிவிடும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் உள்ளவர்கள் ஸகாத் பணம் தர முன்வருவார்கள். ஸகாத் யாருக்குப் போகலாம் என்பதற்கு மார்க்கத்தில் வரையறை உண்டு. மௌலவியிடம் கேட்காமல் அதை வலப்பக்கத்தில் எழுத வேண்டாம். எங்களுக்கு வந்ததை வசதியில்லாத பிள்ளைகளின் ஸ்ட்ரிப்புக்கே கொடுத்தோம். தந்தவருக்கும் அதுதான் விருப்பமாக இருந்தது.

3. எந்தச் சிக்கலுக்குக் காசு என்று முடிவு செய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். "ஸ்டெம் செல் ஆய்வு" என்று ஒரே ஒரு வேலை கிடையாது. அதற்குள் நாலைந்து தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றில் சில ஏற்கனவே பெருமளவு தீர்ந்துவிட்டன. தீர்ந்ததற்குக் காசு கொடுப்பது, கட்டி முடிந்த மதிலுக்குக் கல் கொண்டுபோய் இறக்குவது மாதிரி.

முதலில் அடிப்படை: சதையியில் (கணையத்தில்) சிறுதீவுகள் இருக்கின்றன, அவற்றில் உள்ள பீட்டா கலங்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. முதலாம் வகையில் உடம்பின் சொந்த நிர்ப்பீடனமே (நோய் எதிர்ப்புச் சக்தியே) அந்தக் கலங்களை அழித்துவிடுகிறது. ஆகவே புதிய பீட்டா கலங்களை ஆய்வுகூடத்தில் செய்து உள்ளே வைக்க முடியுமா என்பது முதல் கேள்வி. வைத்ததை அதே நிர்ப்பீடனம் திரும்பவும் அழிக்காமல் எப்படிக் காப்பது என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிட்டது. 2014இல் ஹார்வர்டில் டக்ளஸ் மெல்டனின் குழு, மனித ஸ்டெம் செல்லிலிருந்து குளுக்கோஸுக்கு ஏற்ப இன்சுலின் சுரக்கும் கலங்களைப் பெரிய அளவில் செய்து காட்டியது. 2025 யூனில் அமெரிக்க மருந்து நிறுவனமான வெர்டெக்ஸின், ஸ்டெம் செல்லிலிருந்து செய்த கலங்களை வைக்கும் ஸிமிஸ்லெசெல் சிகிச்சை ஆய்வின் முடிவு வெளியானது; பழைய பெயர் விஎக்ஸ் 880. முழு அளவை ஒரே தடவையில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடத்தின் பின் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. கலங்களைக் கல்லீரலுக்குப் போகும் பெரிய நாளத்தின் வழியாக ஊற்றினார்கள். சித்தப்பா அனுப்பியது இந்தச் செய்தியைத்தான்.

அவர் அனுப்பாத பாதியும் இருக்கிறது. அதில் இருந்த எல்லாரும் வளர்ந்தவர்கள். சீனி கடுமையாக இறங்கி ஆபத்துக்கு உள்ளாகிறவர்கள். வைத்த கலங்களைக் காக்க நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். ஆய்வில் இருந்தவர்களில் இருவர் இறந்தார்கள். ஒருவருக்கு மூளையைத் தாக்கும் பூஞ்சைத் தொற்று. மற்றவருக்கு ஏற்கனவே இருந்த மூளைப் பாதிப்பு முற்றியது. எங்கள் வைத்தியர் "பொருந்தாது" என்றதற்குக் காரணம் இதுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு ஊசியை நிறுத்திவிட்டு, ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளிசையைக் கொடுப்பது நல்ல பேரம் இல்லை.

சீனாவிலிருந்து வந்த செய்தியும் இப்படித்தான் பாதியாகச் சுற்றியது. 25 வயதுப் பெண்ணின் சொந்தக் கலங்களை இன்சுலின் சுரக்கும் கலங்களாக மாற்றி, வயிற்றுத் தசை உறைக்குக் கீழே வைத்தார்கள். 75 நாளில் ஊசி நின்றது. 2024 செப்டெம்பரில் வெளியானது. அந்தப் பெண் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை செய்தவர், அதற்காக ஏற்கனவே நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தில் இருந்தவர் என்பதை யாரும் முன்னனுப்பவில்லை. சொந்தக் கலம் என்பதால் மட்டும் தப்பியதா, அந்த மருந்தால் தப்பியதா என்று அந்த ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது.

ஆகவே மிச்சம் இருக்கும் பெரிய சிக்கல், மருந்தில்லாமல் கலங்களைக் காப்பது. ஒரு வழி, கலங்களை ஒரு சிறு பைக்குள் அடைத்து வைப்பது. வெர்டெக்ஸ் விஎக்ஸ் 264 என்று அப்படி ஒன்றைச் சோதித்தது. போதிய பலன் இல்லாததால் 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இன்னொரு வழி, நிர்ப்பீடனத்தின் கண்ணில் படாதபடி கலத்தின் மரபணுவைத் திருத்துவது. சுவீடனில் உப்சாலா ஆஸ்பத்திரியில் ஒருவரின் கைத் தசையில் அப்படித் திருத்திய கலங்களை வைத்தார்கள். அடக்கும் மருந்து இல்லாமலே அவை பிழைத்து இன்சுலின் சுரந்தன. 2025இல் வெளியான அந்த ஆய்வில் வைத்தது இறந்த கொடையாளியின் சிறுதீவுக் கலங்கள், ஸ்டெம் செல்லிலிருந்து செய்தவை இல்லை. ஊசி நிற்கும் அளவுக்கு வைக்கவும் இல்லை. ஆனால் பிழைக்குமா என்ற கேள்விக்கு ஒரு பதில் வந்தது.

இவற்றோடு, கலங்களை மலிவாக, தவறில்லாமல், நிறையச் செய்வது, கல்லீரலை விட நல்ல இடம் கண்டுபிடிப்பது ஆகியவையும் உண்டு. எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, உங்கள் முடிவை ஒரே வசனத்தில் கொப்பியில் எழுதுங்கள். எங்களுடையது: "நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து இல்லாமல் கலங்களைக் காக்கும் ஆய்வுக்கு." இந்த ஒரு வசனம் இல்லாமல் அடுத்த படிக்குப் போனால், அழகான காணொளி வைத்திருப்பவரிடம் காசு போய்விடும்.

ஒன்றைச் சொல்ல மறக்கக் கூடாது. சில ஆய்வுகள் மனித முளையத்திலிருந்து (கருவின் தொடக்க நிலையிலிருந்து) பெற்று, ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்கும் கல வரிசைகளைப் பயன்படுத்துகின்றன. சில, வளர்ந்தவரின் கலத்தையே பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்லாக்கி எடுக்கின்றன. காசு தரும் சிலருக்கு இது மனச்சாட்சிக் கேள்வி. அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிய வந்தால் மறைத்தீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

4. நன்கொடையா, கட்டணமா, முதலீடா?

இந்த மூன்றும் ஒரே உடுப்பில் வரும். பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு தகப்பனுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. வேறொரு நாட்டில் இருக்கும் ஒரு நிலையம். "ஆய்வு நிதிக்குப் பங்களியுங்கள், உங்கள் பிள்ளைக்கு இடம் ஒதுக்குகிறோம்" என்று போட்டிருந்தது. தொகை பல ஆயிரம் டொலர். நிலாவெளிப் பக்கம் இருந்த காணித் துண்டை விற்கக்கூட அவர் யோசித்துவிட்டார். தபாலதிபர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "நிதி குடுக்காட்டி இடம் இல்லையோ?" இல்லை என்றார்கள். "அப்ப அது நிதியில்லை, டிக்கெட்" என்றார்.

இந்த ஒரு கேள்வி போதும். ஒழுங்கான ஆய்வில் பங்கெடுப்பவரிடம் சோதனைச் சிகிச்சைக்காகப் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. செலவு ஆய்வை நடத்துபவருடையது. காசுக்குப் பதிலாகச் சிகிச்சை என்றால் அது கட்டணம். நீரிழிவு, முழங்கால், பக்கவாதம், ஓட்டிசம் எல்லாவற்றுக்கும் ஒரே கலத்தை ஏற்றுகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பக்கத்து நாடான இந்தியாவிலேயே, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டல், அங்கீகரிக்கப்பட்ட சில இரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லை மருத்துவ ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்கிறது. "இந்தியாவில் செய்கிறார்களாம்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

முதலீடு என்பது கம்பனிக்குப் போவது. மெல்டன் தொடங்கிய செம்மா என்ற கம்பனியை 2019இல் வெர்டெக்ஸ் 95 கோடி டொலருக்கு வாங்கியது. மெல்டனின் பிள்ளைகள் இருவருக்கும் முதலாம் வகை. சாம், எம்மா என்ற அவர்கள் பெயரைச் சேர்த்துத்தான் செம்மா. 2022இல் வயாசைட் என்ற இன்னொரு கம்பனியையும் 32 கோடி டொலருக்கு வாங்கியது. இப்படிப்பட்ட கம்பனிக்கு நம் 3 இலட்சம் ரூபாய் தேவையில்லை. ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் அது ஆயிரம் டொலர்.

அப்படியென்றால் நன்கொடைக்கு என்ன வேலை? கம்பனிகள் வரும் முன் நடப்பதைப் பாருங்கள். வயாசைட்டுக்குத் தொடக்க வருடங்களில் காசு கொடுத்தவர்களில் கலிபோர்னியாவின் பொது நிதி நிறுவனமும் ஜேடிஆர்எப் என்ற தொண்டு அமைப்பும் இருந்தன. அந்தக் கலிபோர்னிய நிதி, 2004இல் மக்கள் வாக்களித்து ஒதுக்கிய 300 கோடி டொலர். 2020இல் இன்னொரு வாக்கெடுப்பில் 550 கோடி சேர்ந்தது. ஜேடிஆர்எப், முதலாம் வகை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் தொடங்கியது. 2024இலிருந்து அதன் பெயர் பிரேக்த்ரூ டி1டி. பலன் வருமா என்று தெரியாத காலத்தில், இலாபம் பார்க்கிறவர் கை வைக்காத இடத்தில்தான் இப்படிப்பட்ட காசு வேலை செய்தது. நம் காசும் அங்கேதான் போக வேண்டும்.

பார்க்கக்கூடிய இடங்கள் என்று சொன்னால்: பிரேக்த்ரூ டி1டி, பிரித்தானியாவின் டயபிட்டிஸ் யூகே, மயாமியில் சிறுதீவு ஆய்வு செய்யும் டயபிட்டிஸ் ரிசேர்ச் இன்ஸ்டிடியூட்டுக்கு நிதி திரட்டும் அறக்கட்டளை. முதல் இரண்டும் ஸ்டீவ் மோர்கன் அறக்கட்டளையோடு சேர்ந்து 2022இல் 5 கோடி பவுண்ஸில் ஒரு பெரிய திட்டம் தொடங்கின. பீட்டா கலங்களை மீட்பதும் அதில் ஒரு பகுதி. பெயர் சொன்னேன் என்பதற்காக அனுப்பிவிட வேண்டாம். அடுத்த இரண்டு படியும் அவர்களுக்கும் உண்டு.

5. பதிவேடுகளில் தேடுங்கள்

இரண்டு வகைப் பதிவேடு இருக்கிறது. ஒன்று ஆய்வுக்கு, ஒன்று அமைப்புக்கு.

ஆய்வுக்கு, அமெரிக்க அரசின் கிளினிக்கல்ட்ரயல்ஸ் டொட் கவ் தளம். ஒவ்வொரு ஆய்வுக்கும் என்சிடி என்று தொடங்கும் எட்டு இலக்க எண் உண்டு. யாராவது ஆய்வைப் பற்றிச் சொன்னால் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். பக்கம் திறந்ததும் கீழே இறங்கி வாசிக்கத் தொடங்காமல் நான்கு இடத்தை மட்டும் பாருங்கள்: ஆய்வு நடக்கிறதா நிறுத்தப்பட்டதா, எந்தக் கட்டம், யார் பொறுப்பு, என்ன வயதுக்காரரைச் சேர்க்கிறார்கள். வயதைப் பார்த்ததுமே எங்கள் குழுவில் பாதிப் பேச்சு அடங்கியது. பெரும்பாலானவை 18க்கு மேல்.

இங்கே எல்லாரும் விடும் பிழை ஒன்று. பதிவேட்டில் இருக்கிறது என்றால் அரசாங்கம் அங்கீகரித்தது என்று நினைப்பது. இல்லை. பதிவு செய்பவர் எழுதியதுதான் அங்கே இருக்கும். அந்தத் தளமே அதைச் சொல்கிறது. காசு வாங்கும் நிலையங்களும் பதிவு செய்து வைத்துக்கொண்டு அந்த எண்ணை விளம்பரத்தில் போடுகின்றன. எண் இல்லாவிட்டால் சந்தேகம். எண் இருந்தாலும் வேலை முடியவில்லை.

இலங்கையில் ஆய்வு என்று யாராவது வந்தால், நமக்கும் இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேடு இருக்கிறது. அதில் தேடுங்கள். அதோடு எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று கடிதத்தைக் கேளுங்கள். பல்கலைக்கழக மருத்துவ பீடங்களில் அப்படிப்பட்ட குழுக்கள் இருக்கின்றன. கடிதம் இருந்தால் காட்டுவார்கள். கோபப்படுபவரிடம் கடிதம் இருக்காது.

அமைப்புக்கு, அந்தந்த நாட்டின் பதிவேடு. பிரித்தானியாவில் சரிட்டி கமிஷன். கனடாவில் வருமான வரித் திணைக்களத்தின் பட்டியல். அங்கே பதிவெண்ணில் ஒன்பது இலக்கம், பிறகு ஆர்ஆர் எழுத்துகள், பிறகு நான்கு இலக்கம் வரும். அமெரிக்காவில் வரித் திணைக்களத்தின் தேடல் பக்கம்; அங்கே தொண்டு அமைப்புகள் வருடாவருடம் கொடுக்கும் 990 படிவத்தையும் பார்க்கலாம். பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிரபலமான அமைப்பின் பெயரில் ஒரு சொல்லை மாற்றி வைத்துக்கொண்டு காசு கேட்பது பழைய வித்தை.

6. எழுதிக் கேளுங்கள்

எங்கள் முதல் மின்னஞ்சல் இரண்டு பக்கம். பிள்ளைகளின் கதை, போர்க் காலம், சுனாமி எல்லாம் இருந்தது. தானாகப் போகும் நன்றிக் கடிதம் ஒன்று வந்தது, அவ்வளவுதான். இரண்டாவது ஏழு வரி. ஆறாம் நாள் ஓர் ஆள் பதில் எழுதினார்.

ஏழு வரியில் இவ்வளவும்தான்: நாங்கள் யார், எங்கிருந்து, ஏறத்தாழ எவ்வளவு தரலாம். மூன்றாவது படியில் எழுதிய அந்த ஒரு வசனம். அந்த நோக்கத்துக்கு மட்டும் என்று குறித்துக் கொடுத்தால் ஏற்பீர்களா, அதற்குக் குறைந்தபட்சத் தொகை உண்டா? இலங்கையிலிருந்து வரும் காசை ஏற்பீர்களா? இப்போது அந்த விடயத்தில் எந்த ஆய்வுகளுக்குக் கொடுக்கிறீர்கள், முடிவை எங்கே வெளியிடுவீர்கள்?

நோக்கம் குறித்த கேள்வி முக்கியம். குறிக்காமல் கொடுத்தால் அது பொது நிதிக்குள் போகும். முகாம், பிரசாரம், சம்பளம் எதற்கும் போகலாம். அது களவில்லை, ஆனால் நீங்கள் மக்களிடம் சொன்னது அதுவும் இல்லை. சில அமைப்புகள் சின்னத் தொகைக்குத் தனி நோக்கம் ஏற்பதில்லை. அப்படியென்றால் நேராகச் சொல்வார்கள். அதைச் சேர்க்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நிர்வாகச் செலவு ஒரு சதமும் இருக்கக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விண்ணப்பங்களைப் படித்து நல்லதைத் தெரிவு செய்ய ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். எவ்வளவு என்று ஒளிக்காமல் சொல்கிறார்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

7. இப்போது சேர்க்கலாம்

வீடு வீடாகவும் தெருவிலும் காசு சேர்க்க அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிவிட்டு இறங்குங்கள். குழுவின் பெயரில், இருவர் கையொப்பம் இடும் வங்கிக் கணக்கு. தனியாள் கணக்கு வேண்டவே வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம்; கிழித்த சீட்டின் அடிக்கட்டை பைலில் இருக்க வேண்டும்.

தொகைக்கு ஓர் இலக்கும், சேர்ப்பை மூடும் திகதியும் முதலே அறிவியுங்கள். எங்கள் முதல் சேர்ப்பில் மூடும் திகதி இல்லை. அதனால்தான் "இன்னும் சேர்க்கிறாங்களோ" என்ற கதை வந்தது. இரண்டாம் தடவை ஆறு கிழமை என்று போட்டோம். நான்காம் கிழமையே இலக்கைத் தொட்டோம், அன்றே மூடினோம்.

என்ன சொல்லிக் கேட்பது என்பதுதான் கடினம். மீன் சந்தையில் ஒரு வயதான வியாபாரி, ஆயிரம் ரூபாய்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, இந்தக் காசால எண்ட பேரனுக்கு எப்ப ஊசி நிக்கும்?"

கூட வந்த பையன், "கெதியில நானா" என்று வாயெடுத்தான். நான் தடுத்தேன். "நானா, எப்ப எண்டு எனக்குத் தெரியாது. பெரிய ஆக்களுக்குச் சிலருக்கு நிண்டிருக்கு. பிள்ளைகளுக்கு இன்னும் வரேல்ல. அதைக் கொண்டுவாற வேலைக்குத்தான் இது. நிக்காமலும் போகலாம்."

அவர் தாளை ஒரு தடவை மடித்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். "சரி, சீட்டில பேரனிண்ட பேரைப் போடுங்க" என்றார். சீட்டு எழுதும்போது கவனித்தேன், தாளில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது.

எல்லாரும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் தொகை குறையும், எங்களுக்கும் குறைந்தது. ஆனால் அடுத்த வருடமும் அதே சந்தை வழியே தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமே.

அப்புறம், பிள்ளையின் படத்தைப் போஸ்டரில் போட வேண்டாம். சின்ன ஊர். பள்ளிக்கூடத்தில், பிறகு கலியாணப் பேச்சில் அந்தப் படம் திரும்பி வரும். படம் இல்லாமல் கேட்டும் எங்களுக்குக் காசு வந்தது.

8. அனுப்பும் வழி

வெளிநாட்டு உறவினர் இங்கே நம் கணக்குக்குக் காசு போட்டு, நாம் அதைத் திரும்ப வெளிநாட்டுக்கு அனுப்புவது வீண் வேலை. இரண்டு தடவை மாற்று விகிதம், இரண்டு தடவை வங்கிக் கட்டணம். லண்டனில் இருப்பவர் லண்டன் அமைப்புக்கு நேரே கொடுக்கட்டும். ரொறன்ரோவில் இருப்பவர் கனடிய அமைப்புக்கு. பற்றுச்சீட்டின் படம் ஒன்றை உங்களுக்கு அனுப்பினால் போதும், கொப்பியில் எழுதிக்கொள்ளலாம்.

பிரித்தானியாவில் இன்னொரு இலாபம் உண்டு. போதிய வரி கட்டுபவர் கிப்ட் எய்ட் படிவத்தில் சரி போட்டால், அவர் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் அமைப்பு அரசாங்கத்திடமிருந்து 25 பென்ஸ் பெறும். 100 பவுண்ஸ் 125 ஆகும். ஆனால் சித்தப்பா பத்து நண்பர்களிடம் சேர்த்த காசை, தன் காசு என்று சொல்லி அந்தப் படிவத்தில் போடக் கூடாது. ஒவ்வொருவரும் தன் காசைத் தன் பெயரில் கொடுக்க வேண்டும். நல்ல மனதோடு செய்யும் பிழை இது, அதனால் முதலே சொல்லி வையுங்கள்.

இங்கே சேர்த்ததை வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் பணம் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆறாவது படியில் வந்த பதில் கடிதம், அமைப்பின் பதிவெண், குழுவின் தீர்மானம், வங்கிக் கூற்று ஆகியவற்றோடு போய் முகாமையாளரைப் பாருங்கள். சேர்க்கத் தொடங்கும் முன்பே ஒரு தடவை போய், என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொள்வது இன்னும் நல்லது. தெரிந்தவர் ஒருவர் உண்டியலில் (வங்கிக்கு வெளியே, ஆள் மூலம்) அனுப்பலாம் என்பார். வேண்டாம். பற்றுச்சீட்டு இல்லாத காசுக்கு நீங்கள் யாருக்கும் கணக்குக் காட்ட முடியாது.

மாதம் மாதம் சிறிது சிறிதாக அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கட்டணம் வெட்டுப்படும். ஒரே தொகையாக அனுப்புங்கள். வெட்டுப்பட்ட கட்டணத்தையும் கணக்கில் எழுதுங்கள். முதல் தடவை அதை எழுதாததால், சேர்த்ததும் சேர்ந்ததும் பொருந்தாமல் ஒரு கூட்டம் முழுக்க அதிலேயே போனது.

9. அனுப்பிய பிறகு

அமைப்பின் பற்றுச்சீட்டு வந்ததும் பிரதி எடுத்து, காசு கொடுத்தவர்கள் போகும் இடங்களில் ஒட்டுங்கள். நாங்கள் சந்தையில் ஒன்று, வாசிகசாலையில் ஒன்று, பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் கேட்டு ஒன்று ஒட்டினோம்.

வருடத்துக்கு ஒரு தடவை அந்த அமைப்பின் அறிக்கையையும், நீங்கள் குறித்து வைத்த என்சிடி எண்களையும் திறந்து பாருங்கள். "நிறுத்தப்பட்டது" என்று வந்திருந்தால் மறைக்காமல் அதையும் ஒட்டுங்கள். விஎக்ஸ் 264 நின்றது எங்களுக்குத் தெரிந்த அன்று, "அப்ப காசு போச்சா?" என்று ஒரு தாய் கேட்டார். எங்கள் காசு அதற்குப் போகவில்லை. போயிருந்தாலும், அந்தப் பை சரிவராது என்று தெரிந்ததால் அடுத்தவர் அதே பையை அப்படியே செய்து ஐந்து வருடம் செலவழிக்க மாட்டார் என்று சொன்னேன். அவர் முழுதாக ஏற்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்த தடவை பார்க்கும் திகதியைக் கொப்பியின் முன் அட்டையில் எழுதி வையுங்கள். எங்கள் கொப்பியில் அது தைப்பொங்கல் கழிந்து வரும் முதல் சனிக்கிழமை, பின்னேரம் 4 மணி, தபாலதிபர் வீட்டு விறாந்தை.